தெருவே குளிப்பாட்டிய கல்யாணம்

திண்டுக்கல்லில் இல்லாத ஒரு வழக்கத்தை, வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்புவதற்குள் உண்டாக்கிவிடக்கூடிய ஒரே மனிதர் ஏற்பாடு சித்தப்பா. எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். எதைக் கேட்டாலும் "ஏற்பாடு பண்ணியாச்சு" என்பார். பந்தல்காரர் வரவில்லையா? பண்ணியாச்சு. மழை வந்துவிட்டால்? அதற்கும் பண்ணியாச்சு. அவருடைய சொந்தப் பெயர் சித்திக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

தொண்ணூறுகளின் நடுவில் என் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அம்பாசமுத்திரம். தாமிரபரணியில் காலையும் மாலையும் முங்கிக் குளிக்கிற சனம். எங்கள் ஊரிலோ குழாயில் தண்ணீர் வந்தால் அடுத்த தெருவுக்கு ஆள் அனுப்பிச் சொல்லுவோம். "குளிக்கத் தண்ணியில்லாத ஊர்லயா பொண்ணு எடுக்கது?" என்று மாப்பிள்ளையின் அத்தை நிச்சயத்தன்றே முகத்தைத் திருப்பியிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, நாற்பது பேரோடு பஸ் வந்து நின்றது. கூடவே, சொல்லி வைத்திருந்த தண்ணீர் லாரி நத்தம் ரோட்டில் அச்சு முறிந்து கிடப்பதாகச் செய்தியும் வந்தது. அத்தை இறங்கியதும் கேட்டது ஒன்றுதான்.

"குளிக்க எங்கன போகணும்? குளிக்காம நான் காப்பிகூடக் குடிக்க மாட்டேன்."

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற நான், இந்தக் கல்யாணம் இத்தோடு சரி என்று தீர்மானித்துவிட்டேன்.

ஏற்பாடு சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார். "மதினி, எங்க ஊர்ல ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீட்டுச் சனம் அம்புட்டும் ஒரே வீட்ல குளிச்சா மத்த வீட்டுக்காரங்க கோவிச்சுக்கிருவாங்க. வீட்டுக்கு ரெண்டு பேரா போகணும். செத்த நேரம் உக்காருங்க, வாரேன்."

அப்படி ஒரு வழக்கத்தைத் தெருவே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டது. அவர் சைக்கிளில் ஒரு சுற்று சுற்றி வந்தார். குடம் குடமாகப் பதுக்கி வைத்திருந்த தண்ணீரெல்லாம் அடுப்பில் ஏறியது. பெண்கள் சோப்பும் துண்டுமாக வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்துப் போனார்கள். வீடு போதாமல் பேகம்பூரில் ஒரு பாய் வீட்டுக்கு ஆட்டோவில் போன நான்கு பேர், குளித்ததோடு சேமியா பாயசமும் குடித்துவிட்டு வந்தார்கள்.

தலை துவட்டியபடி திரும்பிய அத்தையின் முகத்தில் சிரிப்பைப் பார்த்தபிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அது அடுத்த பேச்சு வரைக்கும்தான் நிலைத்தது.

"நாளைக்குக் காலையில வேற வீட்ல குளிக்கேன். விட்டுப்போன வீட்டுக்காரங்க வருத்தப்படுவாங்கள்லா?"

அப்பா மறுபடியும் தூணைத் தேடினார். சித்தப்பா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஏற்பாடு பண்ணியாச்சு மதினி."

மறுநாள் அத்தை குளித்தது சித்தப்பா வீட்டில். ஆற்றில் குளித்துப் பழகியவர், சித்தி மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த தண்ணீர் டிரம்மின் அடி தெரிந்த பிறகுதான் வெளியே வந்தாராம். சித்தி சித்தப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை.

அடுத்த வருடம் என் வளைகாப்புக்குத் தெருக்காரர்கள் அம்பாசமுத்திரம் வந்தார்கள். பக்கத்தில் ஆறு நிறைய ஓடிக்கொண்டிருக்க, அத்தை அவர்களை வீட்டுக்கு இரண்டு பேராகப் பிரித்துக் குளிக்க அனுப்பினார். உங்கள் ஊர் வழக்கத்தை நாங்கள் விடுவோமா என்று கேட்டார்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்து குடும்பப் படம் எடுத்தபோது சித்தப்பா மட்டும் மேடைக்கு வரவில்லை. மூன்று நாளாகத் தண்ணீர் படாத உடம்பில் அரை டப்பா பவுடரைக் கொட்டிக்கொண்டு பந்தி ஓரமாக நின்றிருந்தார். "நான் வேணாம் தாயி, நாறும்" என்றார். நாலு பேர் எதிரே தலை நிமிராத நான், மாலையோடு இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

படத்தில் எனக்கு ஒரு பக்கம் என் கணவர். இன்னொரு பக்கம், என் பட்டுப்புடவையெல்லாம் பவுடராக்கிக்கொண்டு, சித்தப்பா.