எங்கள் மாவட்டத்தில் தேவை ஒழிந்த வரலாறு

மனித குலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒழிக்க முயன்று தோற்ற ஒன்றை எங்கள் சங்கம் மூன்றே வாரத்தில் ஒழித்துக்கட்டியது. அதன் பெயர் தேவை. அரசர்களால் ஆகவில்லை, அரசாங்கங்களால் ஆகவில்லை, திருச்சபையும் கைவிட்டுவிட்டது. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியின் வடகரையில், வருஷத்தில் பாதி பனியில் கிடக்கிற எங்கள் மாவட்டத்தில், 'வடகரை அக்கம்பக்கத்தார் சங்கம்' அதைச் சாதித்தது. அதன் ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் நானும் ஒருத்தி என்பதைத் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்கிறேன், கண்ணுகளா.

வண்டி ஓட்ட முடியாத முதியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதுதான் சங்கத்தின் வேலை. யாருக்கு வண்டி வேண்டுமென்று இருபத்திரண்டு வருஷம் ஃபோன் செய்து கேட்டவள் நான். என் முறை மிகவும் பிற்போக்கானது. முதலில் குளிரைப் பற்றி விசாரிப்பேன். அடுத்து இடுப்பு வலி. அப்புறம்தான், "செவ்வாய்க்கிழமை வண்டி அனுப்பட்டுமா?"

"ஐயோ, வேணாம் மார்லிஸ். உனக்கெதுக்குச் சிரமம்?"

இது முதல் 'வேணாம்'. நாங்கள் எல்லாரும் நார்வேக்காரர், ஸ்வீடன்காரர் பேரப்பிள்ளைகள். கேட்டவுடன் சரி என்பது எங்களில் பேராசை. இரண்டாம் முறை கேட்டால், "அப்படி ஒண்ணும் அவசரமில்ல" என்று வரும். மூன்றாம் முறை கேட்டால்தான், "உனக்கு அந்தப் பக்கமா ஏதாவது வேலை இருந்தா, சரி" என்று இறங்கிவருவார்கள். ஆளுக்கு இருபது நிமிஷம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். நீங்களே பாருங்கள், எவ்வளவு கால விரயம்!

நல்லவேளை, அரிசோனாவிலிருந்து கெண்ட்ரா எங்களுக்கு இயக்குநராக வந்தாள். கெட்டிக்காரப் பெண். 'தொண்டு நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவின் மூலம் இலக்குப் பயனாளிகளைச் சென்றடைவது எப்படி' என்று ஒரு பயிற்சிக்குப் போய், திரும்பும்போது 'ஹெல்கா'வோடு வந்தாள். ஹெல்கா ஃபோனில் பேசும் இயந்திரம். எங்கள் ஆட்கள் கூச்சப்படக் கூடாதென்று எங்கள் நார்வேப் பாட்டிமார் பெயர். குரல் அப்படியே வெண்ணெய். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் நாற்பது நிமிஷத்தில் கூப்பிட்டு முடித்தது. என்னைப் பாராட்டி, ஃபோனை வாங்கிக்கொண்டு, நிர்வாகக் குழுவில் உட்காரவைத்தார்கள். ஹெல்காவுக்காக முதலில் கை தூக்கியவளும் நான்தான். பேசிப் பேசி எனக்குத் தொண்டை வலி.

மூன்றாம் வாரம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வெற்றிக் கூட்டம். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி.

"நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு எந்தத் தேவையும் இல்லை!" என்று திரையில் பச்சை வட்டத்தைக் காட்டினாள் கெண்ட்ரா.

"மிச்ச ரெண்டு?" என்றார் தலைவர் ஆர்வில். இன்ஷூரன்ஸ் விற்று ஓய்வு பெற்றவர்; மிச்சத்தை விடமாட்டார்.

"அவங்க ஃபோனை எடுக்கல. அடுத்த காலாண்டுக்குள்ள அவங்க தேவையையும் முடிச்சிடலாம்."

கைதட்டினோம். அந்த நேரம் பார்த்து, தேவாலயத்துக்கு எதிர்வீட்டு எல்வீரா எலுமிச்சை கேக் தட்டோடு படியைத் தடவித் தடவி இறங்கிவந்தாள். எண்பத்து நாலு வயது, என் பால்ய சிநேகிதி. எங்கள் கூட்டங்களுக்கு முப்பது வருஷமாக அவள் கேக்தான்.

ஆளுக்கொரு துண்டு எடுத்தோம். வாயில் போட்டதும் தெரிந்தது, சர்க்கரைக்குப் பதில் உப்பு. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "இது... வித்தியாசமா இருக்கு" என்றார் ஆர்வில். எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது.

"இன்னொண்ணு எடுங்க ஆர்வில்."

"போதும் எல்வீரா."

"எடுங்கன்னா."

"வயிறு நிறைஞ்சிருச்சு."

"ஒரே ஒண்ணு!"

மூன்றாம் முறை கேட்டாயிற்று. எடுத்துத்தான் ஆகவேண்டும். கண்ணில் நீர் வரத் தின்றார் மனுஷர்.

நான் எல்வீராவுக்குக் காபி ஊற்றினேன். வேண்டாமென்றாள். மறுபடி நீட்டினேன். வேண்டாம். மூன்றாம் முறையும் வேண்டாம் என்றாளே பார்க்கலாம்! கீழ்த்தளமே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க. பத்தரைக்கு டுலூத்துல கண் ஆபரேஷன்."

அப்போதுதான் கவனித்தேன். கோட்டைக் கழற்றவில்லை. தோளில் பை. டுலூத் ஒரு மணி நேரப் பயணம். மணி ஒன்பது பத்து.

"யாருடி கூட்டிட்டுப் போறா?"

"உங்க ஹெல்கா கேட்டாளே. சிரமம் வேணாம்னேன். 'நல்லது, இனிய நாள்!'னு வச்சுட்டா. ரெண்டாவது தடவை கேப்பான்னு அஞ்சு நாளா ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்." சிரித்துக்கொண்டாள். "இதை விட்டா அடுத்த தேதி செப்டம்பர்லதானாம். பரவாயில்ல. இப்ப உன் மூஞ்சி எனக்கு ஒரு பன்னு மாதிரி தெரியுது மார்லிஸ். உன் பழைய மூஞ்சிக்கு இது தேவல."

நிலைமையின் தீவிரத்தைக் குழு உடனே உணர்ந்தது. ஆர்வில் எழுந்து நின்றார்.

"இது அமைப்பு ரீதியான கோளாறு. விவாதிக்கணும்."

கெண்ட்ரா பதிவேட்டைத் திறந்தாள். எல்வீராவின் பெயருக்கு எதிரே 'தேவை நிறைவடைந்தது' என்று இருந்தது. "தெளிவா வேணாம்னுதானே சொல்லியிருக்காங்க? எங்க ஊர்ல வேணாம்னா வேணாம்தான்."

"அது முதல் வேணாம், தாயி" என்றேன். மூன்று முறை வழக்கத்தை விளக்கினேன். விளக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. கெண்ட்ராவுக்கு முகம் மலர்ந்தது.

"இவ்வளவுதானா? ஹெல்காவை மூணு தடவை கேக்க வச்சாப் போச்சு!"

கணினியில் தட்டினாள். எல்வீராவின் பைக்குள் ஃபோன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். வெண்ணெய்க் குரல் எங்களுக்கே கேட்டது: "வண்டி வேணுமா வண்டி வேணுமா வண்டி வேணுமா?"

எல்வீரா வெலவெலத்துப்போனாள். "வேணாம் வேணாம் வேணாம்!"

திரையில் புதிய பச்சை எழுத்து ஒளிர்ந்தது: 'மூன்று முறை உறுதி செய்யப்பட்டது. இனி தொடர்புகொள்ள வேண்டாம்.'

"முன்னேற்றம்" என்றார் ஆர்வில்.

அடுத்து, ஒரு கேள்விக்கும் மறு கேள்விக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்று காரசாரமான விவாதம். நாலு நொடி என்றாள் கெண்ட்ரா. ஒரு மிடறு காபி குடிக்கிற நேரம் என்றார் ஆர்வில். எவ்வளவு பெரிய மிடறு என்று ஒருவர் கேட்டார். இதை ஆராய மூவர் துணைக்குழு அமைக்கத் தீர்மானம் வந்தது. நான் வழிமொழிந்தேன். கடிகாரம் பத்தாகப் பத்து நிமிஷம் காட்டியது.

எல்வீரா தோளிலிருந்த பையை இறக்கி நாற்காலியில் வைத்தாள். கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிக் கழற்றினாள். பிறகு, ஒரு தடவைகூட யாரும் கேட்காமலே, தானாகக் காபியை எடுத்துக் குடித்தாள். ஒரு துண்டு கேக்கைக் கடித்தாள்.

"அடப்பாவிகளா, உப்பு! ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"வித்தியாசமா இருக்குன்னு சொன்னேனே" என்றார் ஆர்வில், மனம் புண்பட்டு.

கூட்டம் கலைவதற்கு முன் கடைசித் தீர்மானம். நடந்த தவறுக்கு முழுப் பொறுப்பும் ஹெல்காவுடையது. ஒருமனதாக நிறைவேறியது. நடவடிக்கைக் குறிப்பிலும் ஏறியது.

ஹெல்காவைத் திட்டாதீர்கள், கண்ணுகளா. ஊர் தெரியாதது, வழக்கம் தெரியாதது, ஆனாலும் எல்வீராவை மொத்தம் நாலு தடவை கேட்டது. வழக்கம் தெரிந்த நாங்கள் நாற்பது நிமிஷம் அவள் எதிரே உட்கார்ந்திருந்தும் ஒரு தடவை கேட்கவில்லை. வெளியே எங்கள் கார்கள் எட்டு நின்றன. வாசலை ஒட்டி ஒன்பதாவதாக ஒன்று நின்றது, அது என்னுடையது.