மாமியும் ஒரு வலது காலும்

காகிதத்திடம் மன்னிப்புக் கேட்டே கண்ணிமை தேய்ந்துபோனவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கனடாவில், மொண்ட்ரியல் நகரத்துப் பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டையில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். சொந்தப் பெயர் ஏதாவது இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘பார்தோன் மாமி’. பெயர் வைத்த பாவம் எங்களுடையது அல்ல, பள்ளிக்கூடத்து ஓவிய டீச்சருடையது.

எழுபதுகளின் தொடக்கம். நான் மூன்றாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை ஓவிய வகுப்புக்கு ஒத்தாசையாக ஏதாவது ஓர் அம்மா வர வேண்டும் என்று டீச்சர் சீட்டு கொடுத்து அனுப்பினார். என் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி டியூட்டி. மேல்வீட்டு மாமா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவார். மாமிக்கும் பொழுது போகட்டுமே என்று அம்மா அவரைக் கோத்துவிட்டார். மாமிக்கு இங்கிலீஷ் புரியும், பேச வெட்கம். அதற்கு நான் இருந்தேன்.

முதல் வெள்ளிக்கிழமையே வாசலில் வம்பு. பெயிண்ட் சிந்தினால் தரை பாழாகிவிடும் என்று வகுப்பறை முழுக்கச் செய்தித்தாள் விரித்திருந்தார்கள். மாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏண்டி, இத்தனை பேப்பரையும் மிதிச்சுண்டா உள்ள போகணும்? இவாத்துல எல்லாம் சரஸ்வதியே கிடையாதா?”

“பழைய பேப்பர்தான் மாமி.”

“பழைய பேப்பர்னா எழுத்து அழிஞ்சா போயிடுத்து?”

டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. மாமிக்குக் கால் வலி என்று மொழிபெயர்த்தேன். உடனே ஒரு நாற்காலி வந்தது. மாமி அதில் உட்காரவில்லை. குனிந்து ஒவ்வொரு தாளாக எடுத்து, மடித்து, நாற்காலியில் அடுக்கிக்கொண்டே முன்னேறினார். தப்பித் தவறிக் கால் பட்ட தாளையெல்லாம் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வகுப்பு முடிந்தபோது தரையெல்லாம் நீல பெயிண்ட். மாமியின் இரண்டு இமையும் நீலம். அன்றைக்கு அந்த வகுப்பில் உருவான ஓவியங்களில் மாமிதான் முதல் தரம்.

“என்ன செய்கிறார் இவர்?” என்று டீச்சர் கேட்டார். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். டீச்சர் பிரெஞ்சுக்காரி. கழுத்து நிறையப் பாசிமணியும் தரையைப் பெருக்கும் பாவாடையுமாக வருவார். “பேப்பரிடம் மன்னிப்பா? மதாம் பார்தோன்!” என்று கையைத் தட்டினார். பார்தோன் என்றால் பிரெஞ்சில் மன்னிப்பு. பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் வகுப்பே மாமியாகிவிட்டது. கிரேக்கப் பிள்ளைகளும் இத்தாலியப் பிள்ளைகளும் வேண்டுமென்றே பேப்பரை மிதித்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பச்சைக் கண், சிவப்புக் கண், ஒருவனுக்குக் கண்ணுக்கொரு நிறம். ஏதோ கண்நோய் பரவுகிறது என்று திங்கட்கிழமை தாய்மார்கள் தலைமையாசிரியர் அறைமுன் க்யூ கட்டினார்கள். மாமியை நிறுத்திவிடலாம் என்றார் தலைமையாசிரியர். டீச்சர் மசியவில்லை. “இவர் வந்த பிறகுதான் இந்தப் பிசாசுகள் பேப்பரைக் கிழிக்காமல் இருக்கின்றன” என்று சொல்லிவிட்டார்.

பனி உருகும் சமயத்தில் டீச்சர் ஒரு குண்டைப் போட்டார். எல்லோரும் காகிதத்தில் கால் வைத்து, சுற்றி வரைந்து, வெட்டி, வர்ணம் தீட்ட வேண்டும். அந்தக் கால்கள் வகுப்பறைச் சுவரில் வரிசையாக நடந்து போகும். ஒவ்வொரு கால்மேலும் அது எங்கே போக ஆசைப்படுகிறது என்று எழுத வேண்டும்.

இன்றைக்கு ரகளைதான் என்று மாமியைப் பார்த்தேன். மாமியோ கைப்பையைத் திறந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் பிரித்தார். பென்சிலால் வரைந்த ஒரு சின்னக் கால். ஓரத்தில் ‘வலது’ என்று எழுதியிருந்தது.

“யாரு கால் மாமி?”

“என் பொண்ணுது. மெட்ராஸ்ல எங்க மன்னியாண்ட இருக்கா.”

மாமிக்கு ஒரு பெண் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாமாவின் படிப்பு இரண்டே வருஷம் என்று நம்பி, இரண்டு வயசுக் குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். இரண்டு வருஷம் நாலாகிவிட்டது. ஒருவழியாக அவளை அழைத்துக்கொள்ள மனுப் போட்டாயிற்று. குளிருக்கு முன்னால் வந்துவிடுவாள், பூட்ஸ் வாங்க அளவு வேண்டும் என்று கேட்டு வரவழைத்த கால் அது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “அப்போ இவ மட்டும் பேப்பர்ல கால் வைக்கலாமா?”

“அவ வைக்கலாம்” என்று சொல்லி, காகிதத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு எங்கள் வகுப்பின் கால்களை ஒவ்வொன்றாக வாங்கித் தன் காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது யானிஸ் என்ற கிரேக்கப் பையனின் கால். வகுப்பிலேயே குட்டை அவன்தான். அன்றிலிருந்து அவனுக்கு முறுக்கு, தேங்குழல் என்று ராஜ உபசாரம். ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட வேலை என்று அவன் வீட்டில் என்னைச் சொல்லவைத்து, எங்கள் இருவரையும் ஜோன்-தலோன் தெருவில் ஒரு செருப்புக் கடைக்கு இழுத்துப் போனார்.

பெண் குழந்தைகள் போடும் சிவப்பு பூட்ஸ், விளிம்பில் வெள்ளை ரோமம். யானிஸ் அதைப் போட்டுக்கொண்டு கடையைச் சுற்றி நடந்தான். குதிக்கச் சொன்னார், குதித்தான்.

“கட்டைவிரல் இடிக்கறதான்னு கேளுடி.”

அவன் பதில் சொல்வதற்குள் கண்ணாடிக்கு வெளியே அவன் அம்மா. உள்ளே வந்து கிரேக்க மொழியில் பொரிந்து தள்ளினாள். மாமி அந்தக் காகிதக் காலை எடுத்து அவள் கையில் வைத்தார். தன் இடுப்புக்குக் கீழே உயரம் காட்டினார். பிறகு தூரத்தைக் காட்டினார். அந்த அம்மாள் பேச்சை நிறுத்தினாள். குனிந்து மகனின் பூட்ஸ் நுனியை அமுக்கிப் பார்த்து, இன்னும் பெரிசாக வாங்கு, பிள்ளைகள் வளரும் என்று சைகை செய்தாள்.

“அதெல்லாம் வேண்டாம். அதுக்குள்ள வந்துடுவா” என்றார் மாமி.

மறு வெள்ளிக்கிழமை அந்தக் காலும் சுவரில் ஏறியது. யானிஸின் கால் ஹாக்கி ஆடப் போனது, என்னுடையது நிலாவுக்கு. இது எங்கே போகிறது என்று டீச்சர் கேட்டார். மாமி தரையைக் காட்டினார். ‘இங்கே’ என்று நான் எழுதினேன்.

குளிர் வந்தது, அவள் வரவில்லை. மனுவில் ஏதோ ஒரு காகிதம் குறைகிறதாம். அதை அனுப்பினால் இன்னொன்று. காகிதத்தை அவ்வளவு மதித்த மாமியைக் காகிதம்தான் அப்படி அலைக்கழித்தது. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. சிவப்பு பூட்ஸ் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் பக்கத்தில் காத்திருந்தது. புது அளவு கேட்டு எழுதுங்களேன் என்று என் அம்மா சொன்னபோது, மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்டால் இன்னும் நாளாகும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? நான் நாலாம் வகுப்பும் தாண்டிப் போனேன். டீச்சர் எங்கள் கால்களையெல்லாம் சுவரிலிருந்து எடுத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்.

அடுத்த குளிர்காலத்தின் நடுவில் அவள் வந்தாள். வெள்ளிக்கிழமை மாமி அவளை ஓவிய வகுப்புக்கு அழைத்து வந்தார். டீச்சர் என்னையும் ஐந்தாம் வகுப்பிலிருந்து கூப்பிட்டனுப்பினார். காலில் மூன்று ஜோடி சாக்ஸ், அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் மெட்ராஸ் செருப்பு. சிவப்பு பூட்ஸுக்குள் பாதிக் கால்கூட நுழையவில்லை.

டீச்சர் சுவரிலிருந்த காலை எடுத்துத் தரையில் வைத்தார். அந்தப் பெண் சாக்ஸைக் கழற்றிவிட்டுத் தயங்கினாள்.

“பேப்பர்ல கால் வைக்கலாமா?” என்று என்னைக் கேட்டாள்.

“வைம்மா” என்றார் மாமி.

வைத்தாள். அந்தச் சின்னக் கால் அவள் காலுக்கு அடியில் காணாமல் போயிற்று. முன்னால் விரல்கள், பின்னால் குதிகால், எல்லாம் கோட்டுக்கு வெளியே. மாமி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்தார். வழக்கம்போலக் காகிதத்தைத்தான் தொடப்போகிறார் என்று நினைத்தேன். மகளின் காலைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அந்த வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

“கூசறது மாமி” என்று காலை இழுத்துக்கொண்டாள் அவள். அம்மா என்று கூப்பிட அவளுக்கு இன்னும் வரவில்லை.

கோடையில் வந்துவிட்டது. மாடிப்படி அதிர “அம்மா, அம்மா” என்று அவள் கத்துவதை நான் கீழ்வீட்டிலிருந்து கேட்டிருக்கிறேன்.

ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் என் காலில் ஒரு துண்டுப் பேப்பர் பட்டால் குனிந்து தொட்டு இரண்டு தடவை கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். ஒன்று சரஸ்வதிக்கு, ஒன்று மாமிக்கு.