பன்னிரண்டுக்கு ஒன்பது

நன்றி மறவாத ஜீவன் என்று இந்தப் பூமியில் ஒன்று உண்டென்றால் அது கிரெடிட் கார்டு கொடுத்த வங்கிதான். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னந்தோப்பு வைத்திருக்கும் அப்புசாமி இதற்குச் சாட்சி. கிணற்று மோட்டார் எரிந்துபோனபோது கார்டைத் தேய்த்துப் புது மோட்டார் வாங்கினார். மாதம் குறைந்தது இரண்டாயிரம் கட்டச் சொன்னது வங்கி. தேங்காய் விலை ஆயிரத்து ஐநூறுக்கு மேல் பேச மறுத்தது. ஆறு மாதம், தவணை தவறாமல், அந்த ஆயிரத்து ஐநூறைக் கட்டினார். ஆறு முறையும் செல்போனில், "தங்கள் தொகை கிடைத்தது. நன்றி" என்று வந்தது. பெற்ற மகள் மௌனிகாகூட அவருக்கு அத்தனை முறை நன்றி சொன்னதில்லை.

ஏழாம் மாதம் கடிதம் வந்தது, மலையாளத்தில். அப்புசாமிக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை போன அவர் மனைவி கமலாத்தாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

"ஏனுங்க, நம்ம கார்டுக் கடனை எழுதித்தள்ளீட்டாங்களாமா."

"நெசமாத்தானா? இன்னொருக்காப் படி."

தேர்தல் வந்தால் மலையாள டிவியில், "விவசாயக் கடன் எழுதித்தள்ளி" என்பார்கள். அந்தச் சொல்லுக்கு அந்த ஊரில் வேறு அர்த்தமே கிடையாது. தள்ளுபடி, இனிக் கட்ட வேண்டாம். வங்கியின் பெருந்தன்மையை எண்ணி அப்புசாமி செல்போனில் இருந்த ஆறு நன்றிகளையும் மறுபடி ஒருமுறை பார்த்தார்.

மறுநாள் அதே வங்கிக்கு மௌனிகாவின் நர்சிங் படிப்புக் கடனுக்காகப் போக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கடன் பாஸாகாவிட்டால் கோயமுத்தூர் கல்லூரியில் சீட் போய்விடும். எழுதித்தள்ளிய மகான்களிடம் வெறுங்கையோடு போவதா? வங்கியில் பன்னிரண்டு பேர். கமலாத்தாளும் ஏறிக்கொண்ட பிறகு ஸ்கூட்டரில் ஒன்பது இளநீருக்குத்தான் இடமிருந்தது.

மேலாளர் ஷீனா உட்பட ஒன்பது பேர் உறிஞ்சத் தொடங்கினார்கள். ஷீனா ஒரு கையில் இளநீரோடு கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"சேட்டா, மோளுடெ அப்ளிகேஷன் தள்ளுபடி ஆயிட்டுண்டு."

அப்புசாமி கைகூப்பினார். "அதுவுமாங்க? அந்தக் கடனை நாங்க இன்னும் வாங்கவே இல்லீங்களே."

ஷீனா ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தார். "அப்ளிகேஷன் நிராகரிச்சதாக்கும். உங்க கார்டு, வாராக்கடன்; அதுதான் காரணம். எழுதித்தள்ளினது பேங்க் புஸ்தகத்திலிருந்து மட்டும். நீங்க முழுசும் அடைக்கணும்."

"வாராக்கடனுங்களா? மாசாமாசம் வந்துச்சுங்களே. நன்றின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது மெஷின் சொன்ன நன்றி, சேட்டா. ரெண்டாயிரம் வேண்டிய இடத்துல ஆயிரத்து ஐநூறு கட்டினா, சிஸ்டத்துக்குக் கட்டாத மாதிரி."

"அப்ப அந்தப் பணமெல்லாம்?"

"அது வட்டியில போயாச்சு."

அப்புசாமி கல்லூரி அனுமதிக் கடிதத்தைப் பார்த்தார். பிறகு இளநீரைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"மேடம், நீங்க பன்னெண்டு பேரு. நான் கொண்டாந்தது ஒம்பது. கொறச்சுக் குடுத்தாக் குடுக்காத மாதிரின்னா, நான் எளநீ கொண்டாரவே இல்லீங்க. அப்பறம் நீங்கெல்லாம் உறிஞ்சீட்டு இருக்கறது என்னதுங்க?"

ஒன்பது ஸ்ட்ராக்கள் நின்றன.

"எங்கூட்டுக்காரரு கணக்குல கெட்டிங்க," என்றாள் கமலாத்தாள்.

யாரோ இருமினார்கள். ஷீனா அவசர அவசரமாக விதிகளைத் திரும்பப் படித்தார். தோப்பில் பாதி கமலாத்தாள் பேரில் இருந்தது. அவள் பேரில் எந்தக் கடனும் இல்லை. அப்பாவுக்குப் பதில் அம்மா கையெழுத்துப் போடலாம் என்று விதியிலேயே இருந்தது. அவள் மலையாளத்தில் கையெழுத்துப் போட்டாள். வியாழக்கிழமை கடன் பாஸானது.

அன்று வங்கி வாசல்வரை கூட வந்து, "எளநீருக்கு நன்றி, சேட்டா," என்றார் ஷீனா. இது மெஷின் சொன்ன நன்றி இல்லை; இப்போது சந்தேகத்துக்கு இடமில்லை. வந்ததை வாராதது என்று எழுதுவார்கள்; குடித்ததற்கு மட்டும் வாயாலேயே நன்றி சொல்வார்கள்.