அருவியை முன்பே பார்த்தவர்

ஏற்கெனவே பார்த்துவிட்ட ஒன்றை ஒரு மனிதனால் மறுபடியும் பார்க்க முடியுமா? அந்தப் பல் டாக்டரோடு மலை ஏறிய எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். அவர் 'முன்பே பார்த்தவர்' என்ற இனம். உங்களுக்கும் தெரிந்த இனம்தான். எந்த மலைப் பூங்காவின் வாசலிலும் நிற்பார்: புதுத் தொப்பி, பழைய ஷூ, வரைபடம் வாங்குகிறவர்களைப் பார்த்து ஓர் இரக்கப் புன்னகை.

முதல் வியூ பாயின்ட்டில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பி, எதிர்மலை மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருக்க, அவருடைய மச்சினன் செல்போனை எடுக்கக்கூட மறந்து நின்றான். டாக்டர் கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"இதெல்லாம் என்ன மாப்ளே. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் வந்தப்போ பார்த்திருக்கணும்."

மச்சினன் செல்போனை எடுத்து மணி பார்த்தான்.

இரண்டாவது இடத்தில் மேகம் இல்லை, அன்று இருந்ததாம். மூன்றாவதில் கம்பித் தடுப்பு இருந்தது, அன்று இல்லையாம். வழியில் குறுக்கே ஓடிய அணில்கூட அன்று இன்னும் கொழுகொழுவென்று இருந்ததாம். யார் மறுத்துப் பேசுவது? பகலெல்லாம் வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர், பதில் என்று ஒன்று வரும் என்பதையே மறந்துபோயிருந்தார்.

அவர் மனைவி வந்தது அருவிக்காக. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். "இப்போ தண்ணி இருக்காது", "நான் பார்த்த மாதிரி இருக்காது" என்றே பன்னிரண்டு வருடத்தை ஓட்டிவிட்டார்.

கடைசி வளைவுக்கு முன்னால், இரைச்சல் காதில் விழுந்த இடத்தில், அவள் நின்றாள்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு. இதை மட்டும் நானா பார்த்துக்கறேன். நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் எதுவும் சொல்லாதீங்க."

"நான் என்ன சொல்லப்போறேன்?"

"அத்தான் பேச்சை நிறுத்தினா அருவியும் நின்னுடும்க்கா," என்றான் மச்சினன்.

அவள் சிரிக்கவில்லை. டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். பிறகு ஒரு பாறையில், அருவிப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, எல்லார் பைகளையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்க."

அரை மணி நேரம் கழித்து, தலைமுடி சொட்டச் சொட்ட அவள் திரும்பி வந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றார். ஓர் இடத்தைப் பற்றி அவர் அடுத்தவரிடம் கேட்ட முதல் கேள்வி.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பார்த்திருக்கணும்."

வளைவு இருபதடி தூரம்தான். டாக்டர் எழுந்தார், பைகளைத் தோளில் மாட்டினார், கீழே இறங்க ஆரம்பித்தார். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் இன்றுவரை சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் என்ன, அந்தக் காலத்துல எழுதின கேலிக் கதையைப் படிச்சிருக்கணும்" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல உங்களுக்கு நாக்கு துடிக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். அவர் இன்னும் படித்து முடிக்கவில்லை.