சாட்சிக்காரரின் கல்யாணம்

காரிமங்கலத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் பங்குக் கோயிலில் நடந்த எந்தக் கல்யாணமும் தாலியால் நிலைத்ததில்லை. எல்லாம் சாட்சிக்காரரின் கையெழுத்தால் நிலைத்தவை. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவருக்கு நல்ல ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கல்யாணப் பூசை முடிந்ததும் சாமியார் பதிவேட்டை விரிப்பார். மாப்பிள்ளை, பெண், பிறகு இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். மீசை முளைத்த நாளிலிருந்து அதில் ஒரு சாட்சி இவர்தான். சட்டைப்பையில் சொந்தப் பேனா. கையெழுத்தின் வால் பக்கத்தின் ஓரம் வரை போய்த் திரும்பி, சில சமயம் பெண்ணின் பெயரையும் சுற்றிக்கொண்டு வரும். ஒருமுறை பெண்வீட்டார் தருமபுரியிலிருந்து ஒரு பெரிய அதிகாரியைச் சாட்சிக்கு அழைத்துவந்தார்கள். சாட்சிக்காரர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று இருமினார். அதிகாரி பேனாவைக் கீழே வைக்கும் வரை இருமினார். நான் எண்ணினேன், பதினேழு இருமல்.

அதோடு விட்டாரா? கையெழுத்துப் போட்ட கல்யாணங்களை வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய்ச் சோதிப்பார். பாப்பிரெட்டிப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட பெண்ணானாலும் பஸ் ஏறிவிடுவார்.

“புருசன் ஒழுங்கா இருக்கானா?”

“இருக்காருங்க மாமா.”

“ஏன் கொரலு எறங்குது? எம் பேரு போட்டிருக்கறேன் கண்ணு. நாளைக்கு ஒண்ணுன்னா என்னத்தான் கேப்பாங்க.”

யாரும் அவரைக் கேட்டதில்லை. ஆனால் அவர் வருகிறார் என்று தெரிந்தே பல வீடுகளில் சண்டை நின்றது. என் வீட்டில் இரண்டு முறை.

இப்படிப்பட்டவருக்குச் சென்ற ஆண்டு சோதனை வந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். விசாவுக்குக் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். அவரும் மனைவி லூர்தம்மாவும், புதிதாக வந்திருந்த இளம் சாமியாரிடம் போனார்கள். வேறு வேலை இல்லாததால் நானும் போனேன்.

பழைய பதிவேட்டைப் புரட்டிய சாமியார் ஒரு பக்கத்தில் நின்றார். மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலி. சாட்சி இடத்தில், வாலைச் சுழற்றிக்கொண்டு, அதே கையெழுத்து. தன் கல்யாணத்திலும் பழக்கதோஷத்தில் சாட்சியாகப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார் மனிதர்.

“இதும்படி பாத்தா கல்யாணத்துக்கு நீங்க வந்திருந்தீங்க, அவ்வளவுதான்” என்றார் சாமியார்.

லூர்தம்மா புருஷனை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப இத்தன வருசமா நான் யாருக்குங்க சோறாக்கிப் போட்டேன்?”

“சாட்சிக்கு” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கல்யாணத்தை நேரில் பார்த்த இருவர் கையெழுத்துப் போட்டால் சரிசெய்யலாம் என்றார் சாமியார். பந்தியில் இலை எண்ணிக்கொண்டிருந்த நான் ஒருவன் இருக்கிறேன். இன்னொருவர்? பூசை வைத்தவரும் மற்ற சாட்சியும் கல்லறையில். பிறரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பது சாட்சிக்காரருக்கு வராது. “மவ போட்டோ அனுப்புவா, கொழந்தய அதுல பாத்துக்கலாம்” என்று செருப்பை மாட்டினார். பேனாவை மேசையிலேயே விட்டுப் போனார்.

லூர்தம்மா சந்தையில் ஒரே ஒருத்தியிடம் சொன்னார். போதாதா? ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் அறை வாசலில் வரிசை நின்றது. ஏறக்குறைய எல்லாம் சாட்சிக்காரர் கையெழுத்தில் குடித்தனம் நடத்துகிறவர்கள்.

“கல்யாணத்தைக் கண்ணால பாத்தவங்க மட்டும் நில்லுங்க” என்றார் சாமியார்.

முன்னால் நின்ற பாப்பிரெட்டிப்பட்டிப் பெண் நகரவில்லை. “பாக்கலைங்க சாமி, நான் அப்ப பொறக்கவே இல்ல. ஆனா மாமாவும் அத்தையும் சண்ட போடறதப் பாத்திருக்கறேன். கட்டிக்காதவங்க அப்படிப் போட முடியாதுங்க.”

திருச்சபைச் சட்டத்தில் அதற்கு இடமில்லையாம். அப்போது வரிசையின் கடைசியிலிருந்து முனுசாமி கையைத் தூக்கினார். கோயிலுக்கு வராதவர், சாட்சிக்காரர் கல்யாணத்தன்று பந்தலுக்குத் தென்னங்கீற்று ஏற்றிவந்த விவசாயி.

“நான் பாத்தேனுங்க. மாப்ள கழுத்துல மாலையோட, சாட்சி போடணும் பேனா எங்கன்னு ஓடுனாரு. இன்னும் கண்ணுல நிக்குது.”

சாட்சிக்காரரை வீட்டிலிருந்து இழுத்து வந்தார்கள். மேசையில் விட்டுப்போன பேனாவை எடுத்து மாப்பிள்ளை இடத்தில் பேரை எழுதினார். பேர் முடிந்த இடத்திலேயே கையெழுத்து நின்றுவிட்டது. வால் வரவில்லை.

அடுத்துப் பேனா என்னிடம் வந்தது. வாழ்நாள் முழுவதும் கடுகளவில் கையெழுத்துப் போட்டவன் நான். அன்று பெயரை எழுதி முடித்ததும் பேனாவை எடுக்காமல், பக்கத்தின் ஓரம் வரை இழுத்துப் போய், அவர் பெயரையும் லூர்தம்மாவின் பெயரையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டேன்.