ஆறாயிரம் பேருக்கு ஒரு காலை வணக்கம்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மருமகள், அதாவது என் மகள், வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். அதன்பிறகு நான் எதை உடைத்தேன் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டி சூடேறினால் மணியடித்து எச்சரிக்கும் ஒரு மென்பொருளை அவளும் நண்பர்களும் எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தும் ஆறாயிரம் பேருக்கு ஓர் அறிவிப்பு மடல் பட்டியல் உண்டு. "அப்பா, கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இதை நீங்க பாத்துக்கங்க. புதுப் பதிப்பு வந்தா ஒரு மடல், அவசரத் திருத்தம்னா ஒரு மடல். வேற எதையும் உள்ள விடாதீங்க" என்றாள்.

அக்கா, பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ஒலிபெருக்கியில் அறிவித்தவன் நான். ஐந்து நிமிடம் வாய் மூடினால் மைக் கெட்டுப்போச்சா என்று ஆள் அனுப்புவார்கள். ஆறாயிரம் பேர் காத்திருக்க, வருடத்துக்கு நாலே மடலா? முதல் நாள் ஒரு காலை வணக்கம் போட்டேன். மறுநாள், "இன்று அறிவிப்பு ஏதும் இல்லை" என்று அறிவித்தேன். ஒருவர் பழைய அச்சுப்பொறியை விற்க வேண்டும் என்று எழுதியிருந்தார், பாவமென்று பட்டியலுக்குள் விட்டேன். இன்னொருவர் "என்னைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்" என்று எழுதினார், அதையும் எல்லோருக்கும் விட்டேன். உடனே "என்னையும்" என்று நாற்பது பேர். அந்த நாற்பதையும் விட்டேன். எட்டே நாளில் நானூறு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

மகள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "இதுல சும்மா எதுவும் வராதுப்பா. அதனாலதான் வந்தா உடனே படிக்கிறாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, போன வருடத்து மடல் ஒன்றைக் காட்டினாள். ஐந்தே வரி. அன்று மாலைக்குள் பத்தில் ஒன்பது இடங்களில் புதுப் பதிப்பு ஏறிவிட்டதாம். நான் தொண்டை கிழியக் கத்தியும் பத்தில் ஒன்பது பேர் சரியான பேருந்தில் ஏறியதில்லை.

மறுநாளே வந்தது சோதனை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி பிறந்தால் மணி அடிக்காது என்று ஒரு நண்பர் கோளாறைக் கண்டுபிடித்தார். மூன்று நாள்தான் இருந்தது. மதியத்துக்குள் திருத்திவிட்டார்கள். நான் முப்பது வரி தட்டினேன்; மகள் இடது கையாலேயே வெட்டித் தள்ளினாள். யாருக்கு, என்ன கோளாறு, எந்தத் தேதிக்குள், என்ன செய்யணும், அவ்வளவுதான் மிச்சம். பொத்தானை அழுத்தினேன். திருத்தத்தை ஏற்றியவர்களின் எண்ணிக்கை திரையில் ஏறத் தொடங்கியது: இருநூறு, எழுநூறு, ஆயிரத்து நூறு. முகம் தெரியாத அத்தனை பேரும், எங்கெங்கோ, கைவேலையைப் போட்டுவிட்டு என் மகள் சொன்னதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் நான் விரட்டிய நானூறு பேருக்கு அந்த மடல் போகாதே! நண்பர்கள் அவர்களுக்குத் தனித்தனியே எழுத, தங்கள் மடலின் அடியில் தொலைபேசி எண் போட்டிருந்த முப்பத்தெட்டு பேரை நான் கூப்பிட்டேன். மடல் பட்டியலிலிருந்து பேசுகிறேன் என்றதுமே ஒரு செவிலியர், "காலை வணக்கம் ஐயாவா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "ஐயையோ, அறுநூறு புட்டி மருந்து இருக்கே! லைன்லயே இருங்க" என்றார். திருத்தத்தை ஏற்றி, கணினியில் தேதியை ஒன்றுக்கு மாற்றி, பெட்டியின் வெப்பமானியைச் சூடேற்ற உள்ளங்கையில் பொத்திக்கொண்டாராம். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மணி அடித்தது. "கேக்குதா ஐயா?" என்றார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன்.

அவர் மறுபடி பட்டியலில் சேர்ந்துவிட்டார். இனி அதற்கு நான்தான் நிரந்தரக் காவல், ஈ நுழையாது. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

அன்புத் தம்பி

பி.கு.: இன்று கட்டைப் பிரித்தார்கள். மருத்துவமனை வாசல் தாண்டும் முன்பே உங்கள் மருமகள் பட்டியலின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள்.