ராப் மாமாவின் பெடியன்

ஒஸ்லோ நகரத்துக்குப் பிரெஞ்சு ராப் பாட்டை அறிமுகம் செய்தவர் எங்கள் ராப் மாமாதான் என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணுவேன். ஐம்பத்தைந்து வயது, வழுக்கைத் தலை, ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் துப்புரவு வேலை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மாமாவுக்கு முன்னே வருவது அவர் ஹெட்போனிலிருந்து கசியும் டும் டும். பாட்டு வேகமெடுத்த நாட்களில் தரை கூடுதலாகப் பளபளக்கும் என்று கடைக்காரர்களே சொல்வார்கள்.

நோர்வேக்கு வரமுன் பாரிஸ் புறநகரில் இருந்தவர். மேல்மாடியில் ஓர் ஆபிரிக்கக் குடும்பம். அந்த வீட்டுப் பெடியனும் மாமாவின் ஒரே மகன் கவியும் ஒரே வகுப்பு. பள்ளி விட்டதும் மாமா வீட்டுக் குசினியில் சட்டிகளைத் தட்டி ராப் கட்டுவார்களாம். கவி ஒஸ்லோவுக்கு வந்து சில வருஷங்களில், பனியில் கார் சறுக்கி இறந்துபோனான். அந்தப் பெடியன் அங்கே பாடகனானான்.

அவன் வளர்ச்சியை மாமா பரீட்சை முடிவு மாதிரித்தான் அறிவிப்பார். முதல் சீடி வந்தபோது சுரங்க ரயிலில் முன்பின் தெரியாத நோர்வேஜியருக்கும் லட்டு நீட்டினார். பிரான்ஸ் வானொலியில் முதலிடம் என்றதும் கோயிலில் அவன் பெயருக்கு அருச்சனை. ஐயர் நட்சத்திரம் கேட்டார். மாமா கவியின் நட்சத்திரத்தைச் சொன்னார்.

ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில், ஆலாத்தி எடுக்கிற நேரம் பார்த்து இவர் கொடுத்த சீடி முழங்கியது. தாய் ஓடிவந்தாள்.

"என்னண்ணை, இவன் ஆரை இப்பிடி ஏசுறான்?"

"எங்கடை மீன் சந்தையிலை இதைவிட வேகமா ஏசுவினம் பிள்ளை. அவைக்குத் தாளம்தான் காணாது."

பிறகு பெடியன் உண்மையிலேயே பெரிய ஆளாகிவிட்டான். பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாத ட்வெய்ட்டா இளசுகள் அவன் வரிகளைப் பாடமாக்கித் திரிந்தார்கள். ஒஸ்லோவுக்கே கச்சேரிக்கு வருகிறான் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். லட்டு வரும் என்று பார்த்திருந்தோம். மாமாவின் முகம் வாடிக் கிடந்தது.

"கவி செத்தது அவனுக்குத் தெரியாது தம்பி. ஆர் சொல்லியிருக்கப் போயினம்? நான்தான் சொல்லோணும்."

துணைக்கு நான் போனேன். மண்டபத்தின் பின்வாசலில் நின்றோம். காரிலிருந்து இறங்கியவன் மாமாவைக் கண்டதும் காவலாளியை விலக்கி ஓடிவந்து கட்டிப்பிடித்தான். பிறகு அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து என்னவோ கேட்டான். கவி என்ற பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. மாமா சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அவன் எங்களை உள்ளே கூட்டிச்சென்று முன்வரிசையில் நிறுத்திவிட்டுப் போனான்.

"சொல்லிப்போட்டியளோ மாமா?"

"பாடப்போற பிள்ளையிட்டை எப்பிடிச் சொல்றது? கவிக்கு இண்டைக்கு வேலை எண்டு சொல்லிப்போட்டன்."

கடைசிப் பாட்டுக்கு முன் அவன் மேடை விளிம்புக்கு வந்து பேசினான். மாமா என் காதுக்குள் தமிழில் சொன்னார்.

"இந்தப் பாட்டு கவிக்காம். அவன் வேலை செய்யிற இடத்துக்குக் கேக்கிற மாதிரி எல்லாரும் அவன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடட்டாம்."

மண்டபம் முழுக்கக் கவி, கவி என்று கத்தியது. மாமாவும் கத்தினார். அவர் பாதியில் நிறுத்திய இடத்திலிருந்து நான் கத்தினேன்.